ஆன்லைன் வகுப்பில் நாலு பேரைச் சேர்த்து வைப்பது எப்படி?

வகுப்பு முடிந்ததும் சாட்டில் வரிசையாக ‘தேங்க்யூ சார்’ விழும். கட்டம் கட்டமாக முகங்கள் மறையும். பத்து நொடியில் திரையில் நான் மட்டும் இருப்பேன். இதே வகுப்பு ஒரு டியூஷன் சென்டரில் நடந்திருந்தால் பாதி விஷயம் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். செருப்பு மாட்டும்போது ‘அந்த மூணாவது கணக்கு உனக்கு வந்துச்சா?’ என்று ஒருவர் கேட்பார். சைக்கிள் ஸ்டாண்டிலும் பஸ் ஸ்டாப்பிலும் அந்தப் பேச்சு நீளும். நோட்டு கைமாறும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் அதே தெருக்காரர் வீட்டில் எட்டிப் பார்ப்பார்.

ஆன்லைன் வகுப்புக்கு இந்த வாசல் கிடையாது. பாடம் முடிந்த நொடியில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் தனி ஆள். அந்த வாசலை நாம்தான் யோசித்துக் கட்டித்தர வேண்டும். புதிதாக ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்துத் தேறியதையும் செய்து பார்த்துக் கைவிட்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான் சொல்லிக்கொடுப்பது டாலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளும் ஜி.எஸ்.டி.யும். 2020 ஊரடங்கில் ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு வகுப்பு, சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, பத்து வாரம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பி.காம் முடித்து, கல்யாணம் குழந்தை என்று சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள். கடை வைத்திருப்பவர்களும் உண்டு. நீங்கள் சொல்லித்தருவது ஓவியமாக இருக்கலாம், பைத்தானாக இருக்கலாம், போட்டித் தேர்வாக இருக்கலாம். பாடத்தை மாற்றிக்கொண்டால் வழி பெரும்பாலும் இதேதான்.

வாட்ஸ்அப் குரூப் போட்டால் போதாது

முதல் பேட்சில் நான் செய்தது இது ஒன்றுதான். எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்தேன். ‘சந்தேகம் இருந்தால் இங்கே கேளுங்கள், ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினேன். முதல் வாரம் பூப்போட்ட காலை வணக்கங்கள் வந்தன. இரண்டாம் வாரம் ‘சார் லிங்க் வரலை’. நான்காம் வாரம் குரூப்பில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். வகுப்பில் தலைகள் குறைந்துகொண்டே வந்தன.

நின்றுபோன ஓர் அம்மாவுக்குப் போன் செய்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு வகுப்பு விட்டுப்போனது, அடுத்த வகுப்பு புரியவில்லை, அதற்கடுத்ததில் உட்காரவே கூச்சமாகிவிட்டது என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “நான் வரலைன்னு அங்க யாருக்காவது தெரிஞ்சுதா சார்?” தெரியவில்லை. எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவரோடு படித்த முப்பது பேருக்கும் அவர் ஒரு பெயர்கூட இல்லை, ஒரு நம்பர்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இணையவழிக் கல்விக்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள். ஆசிரியர் இருப்பது, பாடத்தைச் சேர்ந்து யோசிப்பது, ஒருவருக்கொருவர் மனிதர்களாகத் தெரிவது என மூன்றும் சேர்ந்தால்தான் படிப்பு நடக்கும் என்பது அதன் சாரம். என் முதல் பேட்சில் நான் இருந்தேன், பாடம் இருந்தது. மூன்றாவது இல்லவே இல்லை. அது இல்லாததால் இரண்டாவதும் மெல்லக் கழன்றுவிட்டது.

குரூப் என்பது ஒரு பாத்திரம். உள்ளே சமைக்க எதுவும் இல்லாவிட்டால் பாத்திரம் வாங்கிப் பயனில்லை. ஒருவருக்கு இன்னொருவர் *தேவைப்படும்படி* ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்யும் அளவுக்குக் கூட்டம் சின்னதாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு: ஆளுக்கு ஒரு போன்

கூகுள் ஃபாரம் அனுப்பி விவரம் வாங்குவது சுலபம். ஆனாலும் போன் செய்யுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். 24 பேர் என்றால் நான்கு மணி நேரம், மூன்று சாயங்காலமாகப் பிரித்துக்கொள்ளலாம். இந்த நான்கு மணி நேரத்தைப் போல விலை உயர்ந்த நேரம் பத்து வாரத்தில் வேறு கிடையாது என்பது என் எண்ணம்.

நான் கேட்பவை நான்கு. உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் ஒரு பெயர் இருக்கும், அவர் விரும்புவது மூன்றாவதாக இருக்கலாம். அடுத்து, வகுப்பு நேரம் தவிர வாரத்தில் எந்த அரை மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கானது? மூன்றாவது, மொபைலா லேப்டாப்பா, நெட் எப்படி, உங்கள் பக்கம் மின்சாரம் எப்படி. கடைசியாக, எதற்காக இதைப் படிக்க வருகிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் வகுப்பின் வடிவமே இருக்கிறது. ‘ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பத்தரைக்கு’ என்பார் ஒருவர். ‘காலையில பசங்க ஸ்கூல் வேன் போனதும் ஒம்போது மணிக்கு’ என்பார் இன்னொருவர். ஷார்ஜாவிலிருந்து ஒருவர் சேர்ந்தால் அவருக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு இதுதான் மூலதனம்.

நாலு நாலு பேராகப் பிரியுங்கள்

நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். குழுவுக்கும் அதே எண்ணிக்கை சரியாக இருக்கிறது. மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் இருவர்தான். ஆறு பேர் என்றால் ஒருவர் வாயே திறக்காமல் ஒளிந்துகொள்ள முடியும். நான்கில் ஒருவர் குறைந்தாலும் வேலை நடக்கும், ஒருவர் பேசாவிட்டாலும் தெரிந்துவிடும்.

எதை வைத்துப் பிரிப்பது? கெட்டிக்காரர்கள், சுமாரானவர்கள் என்று மதிப்பெண் பார்த்துக் கலப்பது நல்லது என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படிப் பிரித்த குழுக்கள் ஒருமுறைகூட ஒன்றாகக் கூடவில்லை, ஏனென்றால் நால்வருக்கும் பொதுவாக ஒரு நேரம் அமையவில்லை. இப்போது ஓய்வு நேரம் பார்த்து மட்டும் பிரிக்கிறேன். பத்தரை மணிக்காரர்கள் ஒரு குழு, வேன் போனபின் ஒன்பது மணிக்காரர்கள் ஒரு குழு. ஒரே நேரத்தில் ஓய்வாகிறவர்களின் வாழ்க்கையும் கொஞ்சம் ஒன்றுபோல இருக்கும், பேச்சு தானாக ஓடும். குழுவுக்கு ஒரு லேப்டாப் ஆளாவது இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை போட்ட குழுவைக் கலைக்காதீர்கள். வாரா வாரம் மாற்றினால் எல்லோரும் எல்லோரோடும் பழகுவார்கள் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு வாரமும் முதல் பத்து நிமிடம் ‘நீங்க எந்த ஊரு?’ என்பதிலேயே போய்விடும். ஐந்து வாரம் ஒரே நால்வர் இருக்கட்டும். பாதியில் ஒருமுறை வேண்டுமானால் மாற்றலாம். நான் அதையும் செய்வதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். முன்பின் தெரியாத ஆண்கள் இருக்கும் குரூப்பில் தன் நம்பர் போவதைப் பல பெண்கள் விரும்ப மாட்டார்கள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து ‘ஹாய்’ என்று மெசேஜ் வந்த கதைகளை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதல் போனிலேயே கேளுங்கள்: நம்பரைக் குழுவில் பகிரலாமா, பெண்கள் மட்டும் உள்ள குழு வேண்டுமா? டெலிகிராமில் நம்பரை மறைத்துக்கொள்ள வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். பெரிய குரூப்பை அறிவிப்புக்கு மட்டும், அட்மின் மட்டுமே எழுதும்படி வைத்துவிட்டுப் பேச்சையெல்லாம் நால்வர் குழுவுக்குத் தள்ளிவிடுங்கள். பூப்போட்ட காலை வணக்கத் தொல்லையும் அதோடு தீரும்.

முதல் வகுப்பில் பாடம் வேண்டாம்

‘எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க’ என்று சொல்லாதீர்கள். 24 பேர் வரிசையாகப் பெயர், படிப்பு, ஊர் சொன்னால் நாற்பது நிமிடம் ஆகும், ஒன்றும் மனதில் நிற்காது. வேலையில் இருப்பவர் பெருமையாகச் சொல்வார். வீட்டில் இருப்பவர் ‘சும்மாதான் இருக்கேன்’ என்று குரலைத் தாழ்த்துவார். முதல் நாளே மேடு பள்ளம் விழுந்துவிடும்.

நான் கேட்பது வேறு. ‘உங்கள் தெருவில் ஒரு கடையைச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் கணக்கை எதில் எழுதி வைக்கிறார்?’ இதை, நால்வர் மட்டும் பேசும்படி திரையில் பிரித்துவிடும் தனி அறையில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசச் சொல்வேன். ஒரு பேட்சில் திருவாரூர்க்காரர் சொன்ன மளிகைக் கடையில், கடன் வாங்கியவர்களின் கணக்கு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதப்பட்டு ஆணியில் குத்தியிருக்கும். பணம் கொடுத்ததும் தாளைக் கிழித்துவிடுவார்கள். ஓசூர்க்காரர் உடனே, ‘அப்போ கிழிச்ச தாளெல்லாம் ரசீது மாதிரிதானே அக்கா, ஆனா எவ்வளவு வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். கணக்குப்பதிவியலின் முதல் பாடமே அந்தக் கேள்விதான். நான் சொல்லிக்கொடுக்காமலே அங்கே அது நடந்தது. அதோடு அந்த இருவரும் பத்து வாரமும் ‘திருவாரூர் அக்கா’, ‘ஓசூர் பாப்பா’ என்றே ஆனார்கள்.

உங்கள் பாடத்துக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். படித்தவர், படிக்காதவர், வேலையில் இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் சமமாகப் பதில் சொல்லக்கூடியதாக அது இருக்கட்டும். சமையல் வகுப்பென்றால் வீட்டில் யார் கைக்குழம்பு என்று கேட்கலாம். ஆங்கிலப் பேச்சு வகுப்பென்றால் எந்த இடத்தில் ஆங்கிலம் வராமல் திணறினீர்கள் என்று கேட்காதீர்கள், அது முதல் நாளே காயத்தைத் தொடுவது. எங்கே நன்றாகப் பேசிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள்.

அறைகளாகப் பிரிக்கும்போது

இப்படி அறைகளாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூம் வசதி ஜூமில் இலவசக் கணக்கிலும் உண்டு. ஆனால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும், மறுபடி இணைய வேண்டும். பத்து வாரம் நடத்துவதாக இருந்தால் கட்டணக் கணக்கு வாங்கிவிடுவது நிம்மதி. வசதியை முதலில் இணையதளத்தில் உள்ள செட்டிங்ஸில் போய்ப் பார்த்து வைக்க வேண்டும், வகுப்பு நடக்கும்போது தேடக்கூடாது.

சொல்லவேண்டியதை அறைக்கு அனுப்பும் *முன்பே* சொல்லிவிடுங்கள், சாட்டிலும் எழுதிவிடுங்கள். உள்ளே போனபின் ‘என்ன செய்யச் சொன்னாரு?’ என்று நால்வரும் விழிக்கும் நிமிடங்கள்தான் இந்த முறையையே பலருக்குக் கசக்க வைக்கின்றன. மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும். என்ன வேலை, எத்தனை நிமிடம், திரும்பி வந்து என்ன காட்ட வேண்டும். ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் வந்து சொல்வார் என்று வேலையைப் பிரித்துவிடுங்கள், வாரா வாரம் அதைச் சுழற்றுங்கள். எழுதுகிற வேலை எப்போதும் ஒரே ஆளிடம் போய் ஒட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு நிமிடத்துக்குக் குறைவாக அனுப்பாதீர்கள். வணக்கம் சொல்லி மைக்கைச் சரிசெய்யவே இரண்டு நிமிடம் போகும். நடுவில் நீங்கள் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்க்கலாம், ஆனால் உள்ளே போனதும் பேசாதீர்கள். ஆசிரியர் வந்ததும் பேச்சு நின்று எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். ‘நீங்க பேசுங்க’ என்று சொல்லிவிட்டு அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள். உதவி வேண்டுமென்றால் கூப்பிட அவர்களிடமே பட்டன் இருக்கிறது.

ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்கு வேண்டும்படி வேலை கொடுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மற்றதெல்லாம் ஏற்பாடு, இதுதான் உயிர்.

1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டபோது சண்டையும் வெறுப்புமாக இருந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் பாடத்தைத் துண்டுகளாக வெட்டி, குழுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார்கள். முழுப் பாடமும் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். ஜிக்சா என்று அந்த முறைக்குப் பெயர். ‘எல்லாரும் அன்பா இருங்க’ என்று போதிக்காமல், அன்பாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலையை உண்டாக்கினார்கள்.

ஜி.எஸ்.டி. பாடத்தை நான் இப்படித்தான் நடத்துகிறேன். நால்வரில் ஒருவருக்கு யார் யார் பதிவு செய்ய வேண்டும் என்ற பகுதி, ஒருவருக்கு இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது, ஒருவருக்கு இன்புட் டாக்ஸ் கிரெடிட் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது), ஒருவருக்கு ரிட்டர்ன் தாக்கல். முதலில் ஒரே பகுதி கிடைத்த ஆறு பேரும் ஓர் அறையில் கூடி அதைப் பேசித் தெளிவாகிறார்கள். பிறகு அவரவர் நால்வர் குழுவுக்குத் திரும்பிப் போய் மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பில் வாயே திறக்காதவர், ரிட்டர்ன் படிவங்களின் கடைசித் தேதியைத் தன் மூவரிடம் ‘இல்லக்கா, 3பி-க்கு இருபதாம் தேதி, ஒன்னுக்குப் பதினொன்னு’ என்று திருத்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.

இன்னொரு வேலை பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது கடைக் கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. இருவருக்கு ஒரு கடையின் கேஷ் புக்கும், மற்ற இருவருக்கு அதே கடையின் பேங்க் ஸ்டேட்மென்டும் அனுப்புவேன். ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் பார்க்க முடியாது. வேண்டுமென்றே இரண்டு மூன்று தப்பு வைத்திருப்பேன். புதன்கிழமைக்குள் நால்வரும் பேசி இரண்டையும் பொருத்த வேண்டும்.

ஒரு குழு தங்கள் பேச்சைப் பதிவு செய்து எனக்கு அனுப்பியது. அதில் ஒரு துண்டு:

“அக்கா, உங்க பக்கம் பேலன்ஸ் எவ்வளவு வித்தியாசம் காட்டுது?”

“நானூத்தம்பது. அரை மணி நேரமா பார்க்குறேன், நானூத்தம்பதுன்னு ஒரு என்ட்ரியும் இல்ல பாப்பா.”

“ஒம்போதால வகுபடுதா?”

“ம்… வகுபடுது. அம்பது.”

“அப்போ நம்பர் மாத்திப் போட்டிருப்பாங்க. ஆயிரத்து எழுநூத்தி இருபதுன்னு எதாவது இருக்கா? எங்கிட்ட ஸ்டேட்மென்டுல ஆயிரத்து இருநூத்தி எழுபது இருக்கு.”

“இருக்கு! இருக்கு! பதினாலாம் தேதி, லாரி வாடகை!”

1,270ஐ 1,720 என்று எழுதியிருந்தது நான்தான். இடம் மாறிய இலக்கத்தால் வரும் வித்தியாசம் 9ஆல் வகுபடும் என்பதை மூன்றாம் வார வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தேன். அந்த ‘இருக்கு! இருக்கு!’வில் இருந்த சந்தோஷத்தை என்னால் வகுப்பில் கொடுக்க முடியாது. மூன்று ஊர்களில் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஒரு லாரி வாடகையைக் கண்டுபிடித்த சந்தோஷம் அது. அந்த வாரத்துக்குப் பிறகு அந்தக் குழுவுக்கு நான் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

தனித்தனியாகச் செய்து கடைசியில் ஒட்டிவிடக்கூடிய வேலையைக் குழு வேலை என்று கொடுக்காதீர்கள். ‘நாலு பேரும் சேர்ந்து ஒரு பிரசன்டேஷன்’ என்றால் ஒருவர் செய்வார், மூவர் பெயர் போடுவார்கள், செய்தவருக்கு மனக்கசப்பு மிஞ்சும். கையில் இருப்பது வேறுவேறாக இருக்க வேண்டும், அதுதான் தந்திரம்.

பதில் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள்

நம் ஊரில் ஆசிரியர் இருக்கும்போது இன்னொரு மாணவர் பதில் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பார்கள். கேள்வி கேட்பவரும் ‘சார்’ என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் உடனே பதில் சொல்லச் சொல்ல எல்லாக் கம்பியும் உங்களிடமே வந்து முடியும், அவர்களுக்குள் ஒரு கம்பியும் ஓடாது.

சந்தேகம் முதலில் நால்வர் குழுவுக்குப் போகட்டும், அங்கே தீராவிட்டால் மட்டும் என்னிடம் வரட்டும் என்று ஒரு விதி வைத்தேன். என்னிடம் வந்தால் நான் கேட்பது: ‘குழுவில் யார் என்ன சொன்னாங்க?’ முதலில் இது சோம்பேறித்தனம் போலத் தெரியுமோ என்று எனக்கே தயக்கம் இருந்தது. அதனால் காரணத்தை முதல் வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தப்பான பதில் குழுவில் பரவினால்? பரவும். சனிக்கிழமை வகுப்பில் யார் சொன்னது என்று சொல்லாமல் அதை எடுத்துத் திருத்திவிடலாம். எல்லோர் முன்னாலும் ஒருவரைத் திருத்தினால் அவர் அடுத்தமுறை யாருக்கும் உதவ முன்வர மாட்டார்.

யாராவது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தது தெரிந்தால், அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அதிக மதிப்பெண் வாங்கியவரைப் பாராட்டுவதைவிட இது நல்லது.

கேமரா

கட்டாயப்படுத்த வேண்டாம். பின்னால் மாமியார் நடமாடும் ஒற்றை அறை வீட்டிலிருந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படிக்கிறவரிடம் ‘கேமராவைப் போடுங்க’ என்று சொல்வது அவருடைய வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது போல. நெட் பேக்கும் சீக்கிரம் கரையும். நால்வர் அறையில் பழகிய பிறகு பலர் தாங்களாகவே போடுவார்கள். அதுவரை கட்டத்தில் பெயரோடு ஊரையும் எழுதச் சொல்லுங்கள், ‘ஓசூர்’ என்று பார்க்கும்போதே ஓர் ஆள் தெரிகிறது.

நான்காம் வாரம்

என் அனுபவத்தில் ஆட்கள் கழன்றுகொள்வது மூன்றாம் வாரக் கடைசியிலும் நான்காம் வாரத்திலும்தான். ஆர்வம் அடங்கியிருக்கும், பாடம் கனத்திருக்கும், வீட்டில் ஏதாவது ஒரு விசேஷமோ காய்ச்சலோ வந்திருக்கும். இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு: ஒருவர் வகுப்புக்கு வரவில்லை என்றால் மறுநாள் மதியத்துக்குள் குழுவில் ஒருவர் போன் செய்ய வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது. ‘நேத்து இது நடந்துச்சு, நோட்டு போட்டோ அனுப்பவா?’ என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி விசாரணை, இரண்டாவது கைகொடுப்பது. யார் யாருக்கு என்று முதலிலேயே சுற்று போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ‘அவங்க பண்ணியிருப்பாங்க’ என்று நால்வரும் இருந்துவிடுவார்கள்.

மின்வாரியப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலைதான் வரும் என்ற நாட்களில், காலைக் குழுக்காரர்கள் சாதாரண போனில் கான்ஃபரன்ஸ் கால் போட்டே பேசி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். திரை இல்லாவிட்டாலும் பழகியவர்களுக்குக் குரல் போதும்.

இதையும் மீறி ஒருவர் நின்றுவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். திரும்பி வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எந்தப் பாடத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வழி மட்டும் சொல்லுங்கள். விட்டதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று நினைத்தே பாதிப் பேர் வராமல் போகிறார்கள்.

உரசல் வரும்போது

வரும். ஒருவர் எப்போதும் தாமதம், ஒருவர் பேசவே விடமாட்டார், ஒருவர் குழுவில் அரசியல் வீடியோ அனுப்புவார். அதிகம் பேசுகிறவரை அடக்காதீர்கள், நேரம் பார்க்கிற வேலையைக் கொடுங்கள். வீடியோ அனுப்புகிறவரிடம் தனியாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். யாரையாவது மரியாதைக் குறைவாகப் பேசியதாகப் புகார் வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அன்றே இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், தேவையானால் குழுவிலிருந்து நீக்குங்கள். வயது வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் ‘வாங்க, போங்க’ என்பதை முதல் நாளே பொதுவாக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அக்கா, தம்பி எல்லாம் அவர்களாகவே பழகி வரட்டும்.

கூட்டம் பெரிதாக இருந்தால்

நூறு பேர், ஆயிரம் பேர் என்று போகும்போதும் இதே சிறு குழு தான் அடித்தளம், மேலே இன்னோர் அடுக்கு வேண்டும், அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் மாணவர்களை ‘ஹவுஸ்’களாகப் பிரித்துக் காடுகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். நீலகிரி, பிச்சாவரம், வயநாடு, சுந்தரவனம் என்று. நேரில் பார்க்காதவருக்கும் ‘நான் பிச்சாவரம்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி, பாடத்தை ரேடியோவிலும் டிவியிலும் நடத்தியபோதே, ஊருக்கு ஊர் டியூட்டர்களையும் கோடைக்கால நேர்முக முகாம்களையும் சேர்த்து வைத்திருந்தது. தூரத்திலிருந்து படிப்பவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது இணையம் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

நேரில் ஒருமுறை சந்திக்க முடியுமானால் அதுபோல எதுவும் இல்லை. முடியாதவர்களுக்கு அது ஏக்கமாகிவிடக் கூடாது, அதனால் அதைப் பாடத்தோடு சேர்க்காமல் விருப்பமாக வையுங்கள். ஒரே மாவட்டத்துக்காரர்கள் இருவர் ஒரு பேக்கரியில் சந்தித்து, மற்ற இருவரையும் வீடியோ காலில் சேர்த்துக்கொண்டால்கூடப் போதும்.

முடிக்கிற விதம்

கடைசி வகுப்பில் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு லிங்கை மூடிவிடாதீர்கள். கடைசி அரை மணி நேரத்தைக் குழுக்களுக்கே விடுங்கள். ஒவ்வொருவரும் தன் குழுவில் ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். பொதுவான நன்றி வேண்டாம், குறிப்பான விஷயம் வேண்டும். பெரிய குரூப்பை ஒரு மாதம் கழித்து நானே மூடிவிடுவேன், நால்வர் குழுக்களைத் தொடமாட்டேன். அவை அவர்களுடையவை. அடுத்த பேட்சின் முதல் வகுப்புக்குப் பழைய ஆட்கள் இருவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வதும் உண்டு. நான் பேசுவதைவிடப் புதியவர்களுக்கு அது சீக்கிரம் போய்ச் சேர்கிறது.

போன மாதம் 19ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்குத் திருவாரூர் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். அவர் இப்போது ஓர் உர விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறார். வகுப்பு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மறுநாள் 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள், பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் இருக்கும் ஒரு பில், சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து வரும் 2பி பட்டியலில் வரவில்லை, கிரெடிட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் பார்க்கும்போது மணி பன்னிரண்டு. பதில் எழுதத் தொடங்குவதற்குள் அடுத்த மெசேஜ் வந்துவிட்டது: ‘சார் தூங்குங்க. பாப்பா லைன்ல இருக்கா. சப்ளையர் இன்னும் ஃபைல் பண்ணலையாம், அடுத்த மாசம் எடுத்துக்கலாம்னு சொல்லிட்டா.’